பார் என்றால் மணல்திட்டு

எனக்கு மீன் கழுவத் தெரியாது. ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றங்கரையிலேயே வளர்ந்தும் அந்த வாடை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. சாலோமி அக்காதான் கழுவித் தருவாள். ஆறு கடலில் சேரும் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலைப் பேருந்தில் கூடையோடு வருவாள். மற்ற வீடுகளில் மீனைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். என் வீட்டில் மட்டும் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து செதில் எடுப்பாள்.

"ஏட்டி முஃபீதா, ஷார்ஜா வரைக்கும் போயிட்டு வந்திருக்க. ஒரு சாளைக்குச் செதில் எடுக்கத் தெரியலயே."

அவள் புருஷன் சந்தியாகு சங்கு குளிப்பவர். அவர் சங்கெடுக்கும் இடத்தைப் பேச்சுக்குப் பேச்சு 'பாரு' என்பாள். அப்படி என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"கடலுக்கடியில கல்லும் பவளமுமா வளந்து கெடக்கும்ட்டி. ஒங்க பஜார் மாதிரியே நெருக்கடி. எது எவன் வீடுன்னு மீனுக்கே தெரியாது."

ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

அக்காவின் ஊரில் ஒரு சிறிய துறைமுகம் இருக்கிறது. கப்பல் வரும் வழியை ஆழமாக்க முடிவு செய்தார்கள். தோண்டி எடுக்கும் சேற்றைக் கடலில் கொட்டக் குறித்த இடத்துக்குள் அந்தப் பாரும் இருந்தது. ஊரார் எதிர்த்ததால் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். வந்த நிபுணருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் என்னை அழைத்தார்கள்.

முதல் கூட்டத்தில் பார் என்பதைப் பவளப்பாறை என்று சரியாகத்தான் சொன்னேன். அதனால் என்ன நடந்தது? எங்கே இருக்கிறது, என் வரைபடத்தில் இல்லையே என்றார் நிபுணர். ஊரார் கடலைக் காட்டினார்கள். அவர் காகிதத்தைக் காட்டினார். இரண்டு பக்கத்துக் கோபமும் என் வாய் வழியாகத்தான் போய்வந்தது. "இந்தம்மா ஒழுங்காச் சொல்லுதாளா, இல்ல அவன் பக்கமா வே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். அடுத்த கூட்டத்திலும் அதே கேள்வி, அதே கூச்சல், அதே ஒத்திவைப்பு. சரியான சொல்லைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மூன்றாவது கூட்டத்தில் சந்தியாகு எழுந்தார்.

"சார், பாரு மேல மட்டும் கொட்டிராதீங்க. வேற எங்கன வேணும்னாலும் கொட்டுங்க. எங்க சோறு அதுலதான் கெடக்கு."

ஆங்கிலத்திலும் 'பார்' என்று ஒரு சொல் உண்டு. முகத்துவாரத்தில் சேரும் மணல்திட்டைத் துறைமுகக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சந்தியாகு சொன்ன சொல்லை நான் அப்படியே சொன்னேன். ஓசைகூட மாறவில்லை.

நிபுணரின் முகம் தெளிந்தது. "மணல்திட்டுதானா? இதுவரை பவளப்பாறை என்றீர்களே?" என்று என்னிடம் கேட்டார்.

"முன்பு நான் தவறாகப் புரிந்துகொண்டேன்" என்றேன்.

மணல்மேல் சேறு விழுந்தால் ஒன்றும் ஆகாது என்றார். நான் ஊராரைப் பார்த்து, "சார் புரிஞ்சுக்கிட்டார். பாருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுதார்" என்றேன். மண்டபமே கைதட்டியது. சந்தியாகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். இரண்டு பக்கமும் சிரித்தபடி எழுந்துபோன ஒரே கூட்டம் அதுதான். மதியச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு சேறு கொட்டத் தொடங்கினார்கள். "தண்ணி டீ மாதிரி கலங்கிக் கெடக்குட்டி. அந்தாளுக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லேன்" என்று குழாயடியில் சாலோமி அக்கா கேட்டாள். "சொல்லுதேன்க்கா" என்றேன். சொல்லவில்லை. சொன்னால் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அந்த அலுப்பு உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

சந்தியாகு சங்கு குளிக்கப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வீட்டில் அடுப்பு எரியாது. தெளிந்த தண்ணீராக இருந்தால் கீழே ஆள் என்ன செய்கிறான் என்று படகிலிருந்தே தெரியுமாம். ஒருநாள் படகிலிருந்து அவருக்குக் காற்று போகும் குழாய் சேற்றில் சிக்கியது யாருக்கும் தெரியவில்லை. அவர் உடலை மேலே கொண்டுவந்தபோது வாய் நிறையச் சேறு இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரிக்கும் தமிழ் தெரியாது. மறுபடியும் என்னைத்தான் அழைத்தார்கள். கூட்டத்தில் மொழிபெயர்ப்பு சரியாக நடந்ததா என்று சாலோமி அக்காவிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் அன்று மீன் வாடை இல்லை.

"இவ எங்க வீட்டுப் பிள்ள மாதிரி. ஒரு சொல்லுகூட மாத்தியிருக்க மாட்டா."

அதிகாரி என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். என் வேலையில் நான் எவ்வளவு நேர்மையானவள் என்பதற்கு இதைத்தான் சொல்வேன்: அக்கா சொன்னதை ஒரு சொல்கூட மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.