மார்ச் நாலாம் தேதிப் பதிவு

— அந்தக் கோப்பையை ஏன் பேப்பர்ல சுத்துறீங்க, மார்லிஸ்?

— உடையாம இருக்கத்தான். வேற எதுக்குச் சுத்துவாங்க?

— ஜன்னல்ல இருந்த செடி எங்க?

— வண்டியில. ஹீட்டரைப் போட்டு வச்சிருக்கேன், குளிர்ல வாடிடும். கதவைச் சாத்து தியோ. முன்னாடி வரவேற்புல இருக்கிற வாண்டா காதுல விழுந்தா இந்தக் கவுன்சிலிங் மையம் முழுக்கப் பரவிடும்.

— சாத்திட்டேன். இப்ப சொல்லுங்க. செடி வண்டியில, கோப்பை பேப்பர்ல, உங்க வீட்டுக்காரர் ஆர்லன் படத்தைக் காணோம். என்ன நடக்குது இங்க?

— ஒண்ணும் நடக்கல. நான் கிளம்புறேன்.

— வீட்டுக்கா? மணி ஒண்ணுதானே ஆகுது?

— வீட்டுக்குத்தான். திரும்ப வரப்போறதில்ல.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். இந்த இன்டர்ன்ஷிப் முடிய இன்னும் நாலரை மாசம் இருக்கு. இது முடியலைனா உளவியல்ல டாக்டர் பட்டம் கிடையாது. தெரியும்ல?

— அம்பத்தொரு வயசுல அதுகூடத் தெரியாமலா இருப்பேன், கண்ணு? டிப்போவுக்கு நேத்தே போன் பண்ணிட்டேன். ஏழாம் நம்பர் ரூட்டுக்கு ஆள் இல்லையாம். திங்கக்கிழமையே வரச் சொல்றாங்க.

— திரும்ப ஸ்கூல் பஸ்ஸா?

— ஏன், கேவலமா? பத்தொன்பது வருஷம் ஓட்டியிருக்கேன். ஒரு பிள்ளைக்குச் சிராய்ப்புகூட ஆனதில்ல.

— கேவலம்னு நான் சொன்னேனா? அந்த பஸ்ஸை விட்டு இறங்கிப் பன்னெண்டு வருஷம் படிச்சீங்களே, அதைச் சொல்றேன். சாமி சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியல. மூணு மணிக்கு நம்ம மேற்பார்வையாளர் டாக்டர் ஹால்வர்சன்கிட்ட மதிப்பீடு. உங்களுக்குப் பயப்பட என்ன இருக்கு? நான்தான் போன மாசம் அந்த நாற்காலியில உட்கார்ந்து நடுங்கிட்டு இருந்தேன்.

— நீ பாஸ் ஆயிட்டே.

— "பேச்சைக் குறைச்சா நல்லா வருவே"னு எழுதிக் குடுத்தாங்க. அதுக்குப் பேரு பாஸா?

— அட போப்பா. உன்கிட்ட வர்ற பிள்ளைங்க சிரிச்சிட்டே வெளிய போகுதுங்க. வாண்டாவே சொல்றா.

— பேச்சை மாத்தாதீங்க. மதிப்பீட்டுக்கு எந்த வீடியோ பதிவு கேட்டாங்க?

— மார்ச் நாலு. நம்ம பதிவுகள் எல்லாம் அந்தம்மா கம்ப்யூட்டர்லயும் இருக்கே. கண்ணை மூடிக்கிட்டு ஒரு தேதியில விரல் வச்சாங்களாம். அதுல போய் விழுந்திருக்கு.

— மார்ச் நாலுல என்ன?

— அந்த விவசாயம் படிக்கிற பையன். பேர் வேண்டாம். அஞ்சு வாரம் வந்தான், வாயே திறக்கல.

— தெரியும், புதன்கிழமைக் கூட்டத்துல சொல்லுவீங்களே. பனி பெய்யுது, பனி நின்னுடுச்சுங்கிறதுக்கு மேல ஒரு வார்த்தை வராதுன்னு.

— அவனேதான். ஆறாவது வாரம்... நான் தூங்கிட்டேன்.

— என்னது?

— தூங்கிட்டேன்டா. அவன் எதிர்ல, நாற்காலியில உட்கார்ந்தபடியே.

— மார்லிஸ்!

— சிரிக்காதே.

— சிரிக்கல. இல்ல, சிரிக்கிறேன், மன்னிச்சுக்கோங்க. எவ்வளவு நேரம்?

— தெரியல. எங்க வீட்டுல அது மாடு கன்னு போடுற வாரம். ஆர்லனுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி இன்னும் குனிய முடியல. மூணு கன்னுக்குட்டியை நானேதான் இழுத்துப் போட்டேன். அப்படியே எழுபது மைல் வண்டி ஓட்டிட்டு வந்தேன். ரூம்ல கணகணன்னு சூடு. அவன் வேற ஒரு வார்த்தை பேசாம கார்ப்பெட்டையே பார்த்துட்டு இருக்கான். எப்ப கண்ணு சொருகிச்சுன்னே தெரியல.

— இவ்வளவுதானா? இதுக்கா செடியைத் தூக்கிட்டுப் போய் வண்டியில வச்சீங்க? நான் இங்க வந்த ரெண்டாவது வாரம் என்ன பண்ணேன்? ஒரு பொண்ணு மாத்திரையை முழுங்கிட்டு நேரா என் ரூமுக்கு வந்து நின்னா. ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பிட்டு, பாத்ரூம்ல போய்க் குடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தேன். வெளிய காவலுக்கு நின்னது யாரு? டாக்டர் ஹால்வர்சன் வந்தப்ப "உள்ள குழாய் ரிப்பேர், மாடிக்குப் போங்க"னு சொன்னது யாரு?

— அது வேற.

— நியூ மெக்சிகோவுலேருந்து ஒரு துணி ஜாக்கெட்டைப் போட்டுட்டு வந்து நின்ன எனக்கு ஆர்லனோட கோட்டைக் கொண்டாந்து மாட்டிவிட்டது யாரு? நான் ஊர்லேருந்து வரவழைச்ச பச்சை மிளகாயை நீங்க அவன்ல சுட்டுக் கொண்டாந்த உருளைக்கிழங்குக் கேசரோல்ல போட்டுக் கெடுத்தப்ப, கண்ணுல தண்ணி வர வர ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டது யாரு?

— அது நல்லாத்தான் இருந்துச்சு.

— பொய். கேளுங்க, கேளுங்க. மூணு மணிக்குப் போய் நேராச் சொல்லுங்க. தூங்கிட்டேன், தப்புத்தான்னு. அந்தம்மாவும் மாட்டுப் பண்ணையில வளர்ந்தவங்க. கன்னு போடுற வாரம்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியாதா? ரெண்டு வாரம் கூடுதலா ஒரு ஆளைப் பக்கத்துல உட்கார வைப்பாங்க. அவ்வளவுதான்.

— தூங்கினது மட்டும்னா நானே போய்ச் சொல்லியிருப்பேன், தியோ.

— அப்ப வேற என்ன?

— உட்காரு. நின்னுக்கிட்டே கேட்டா எனக்குச் சொல்ல வராது.

— உட்கார்ந்தாச்சு.

— நடுவுல முழிச்சிட்டேன்.

— நல்லதுதானே?

— கண்ணைத் திறக்கல.

— புரியல.

— முழிப்பு வந்தப்ப ஒரு குரல் கேட்டுச்சு. மெதுவா, யாரோ தூரத்துல ரேடியோ வச்ச மாதிரி. அவன் பேசிட்டு இருக்கான், தியோ! அஞ்சு வாரமா பனி, மழைன்னு மட்டும் பேசினவன். நான் தூங்குறேன்னு தெரிஞ்சதும் ஆரம்பிச்சிருக்கான்.

— சாமி.

— அவன் தம்பியைப் பத்தி. மூணு வருஷம் முன்னாடி மக்காச்சோளக் குதிருக்குள்ள விழுந்து செத்துப்போன தம்பி. அன்னிக்கு நடந்ததுல ஒண்ணு அவங்க அப்பா அம்மாவுக்கே தெரியாதாம். இவன் யார்கிட்டயும் சொன்னதில்லையாம். அதைத்தான் சொல்லிட்டு இருந்தான். என்னன்னு கேக்காதே.

— கேக்கல.

— பஸ்ல பிள்ளைங்க அப்படித்தான். எதிர்ல நின்னு கேட்டா ஒண்ணும் வராது. ஓட்டுறவ முதுகைப் பார்த்துக்கிட்டு எல்லாத்தையும் சொல்லும். அப்பா அம்மாவை அடிச்சது, சாப்பாடு இல்லாதது, எல்லாம். கண்ணாடியில பார்த்துட்டா போச்சு, அதோட நிறுத்திடும். அதனால பார்க்காம ஓட்டிட்டே இருப்பேன். அன்னிக்கும் அதேதான். கண்ணைத் திறந்தா நிறுத்திடுவான்னு பயம். மூடிக்கிட்டே இருந்தேன்.

— எவ்வளவு நேரம்?

— கடைசி வரைக்கும். நடுவுல ஒரு தடவை நிறுத்தினான். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அதுக்கப்புறம்தான் அந்த முக்கியமான விஷயத்தையே சொன்னான். சொல்லி முடிச்சு மூக்கை உறிஞ்சிட்டு, "மணி ஆயிடுச்சு"ன்னான். நான் அப்பத்தான் முழிச்ச மாதிரி நிமிர்ந்து, "ஐயோ, தூங்கிட்டேனா"னு நடிச்சேன். அவன் சிரிச்சான். முதல் தடவையா சிரிச்சான், தியோ. என்னைப் பார்த்து!

— அவன் தன்னை ஏதாவது பண்ணிக்கிற மாதிரி...?

— இல்ல. வாசல்லயே நிறுத்திக் கேட்டேன். மறுநாள் போன்லயும் கேட்டேன். அது இல்ல.

— அடுத்த வாரம் வந்தானா?

— நான்தான் வரவிடல. எனக்குக் காய்ச்சல்னு வாண்டாவை விட்டுச் சொல்ல வச்சேன். இந்த வாரமும் அதே பொய்.

— ஓ! அதான் விஷயமா? வாண்டா நேத்து என்கிட்டப் புலம்பினா. "ஒரு பையன் தினமும் போன் பண்ணி மார்லிஸுக்குத் தேவலாமா, தேவலாமானு உசுரை வாங்குறான்"ன்னு.

— அதுதான்டா என்னைக் கொல்லுது. அவன் என்னை நம்புறான். தூங்குற ஒரு பொம்பளைகிட்ட மனசைக் கொட்டினதா நினைச்சிட்டு இருக்கான். நான் கண்ணை மூடிக்கிட்டு ஒட்டுக் கேட்டேன். அவன் எனக்குக் குடுக்காததை எடுத்துக்கிட்டேன். அதுக்குப் பேர் திருட்டு. அவன் முகத்துல எப்படி முழிக்கிறது? தெரியாத மாதிரி உட்கார்ந்தா வாராவாரம் பொய். தெரியும்னு சொன்னா அவன் ஜென்மத்துக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டான். எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி பள்ளத்துலதான் போய் விழுது.

— அதனால இறங்கி ஓடுறீங்க.

— ஆமா. எனக்கு இந்த வேலை பார்க்கத் தகுதி இல்லைனு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பிறகும் உட்கார்ந்திருந்தா அது இன்னொரு தப்பு.

— பதிவைப் பார்த்தீங்களா?

— எதை?

— மார்ச் நாலை.

— பார்ப்பேனா? என் முகத்தை நானே பார்க்கவா?

— ரெண்டு வாரமா ஒரு தடவைகூடப் பார்க்காம முடிவு பண்ணிட்டீங்களா? உங்க கம்ப்யூட்டரைத் திறங்க.

— மாட்டேன்.

— மார்லிஸ். நான் பாத்ரூம்ல தரையில உட்கார்ந்து "ஊருக்குப் போறேன், என்னால முடியாது"ன்னப்ப நீங்க ஒண்ணும் புத்தி சொல்லல. பக்கத்துல தரையில உட்கார்ந்தீங்க. அந்த ஈரத் தரையில, நல்ல பாவாடையோட. இப்ப நான் பக்கத்துல உட்காரப் போறேன். அவ்வளவுதான். திறங்க.

— ...சத்தம் வைக்கக் கூடாது.

— சரி.

— அவன் சொன்னது எனக்கே சொன்னது இல்ல. உன் காதுல விழவே கூடாது.

— சத்தம் சுத்தமா இல்ல, பாருங்க. நாற்காலியை இப்படி இழுங்க. ஓடட்டுமா?

— ம்.

— இது நீங்க. இது அவன். நல்லா வளர்ந்த பையனா இருக்கானே. கார்ப்பெட்டைப் பார்க்குறான். நீங்க அவனைப் பார்க்குறீங்க. கார்ப்பெட். நீங்க. கார்ப்பெட்.

— அஞ்சு வாரமும் இப்படியே.

— இதோ... தலை சாயுது. போச்சு. போயே போச்சு!

— வாய் எப்படித் திறந்திருக்கு பாரு. ஐயோ. குறட்டை விட்டிருப்பேன்.

— சத்தம் இல்லாததால தப்பிச்சீங்க. அவனைப் பாருங்க. நிமிர்ந்து பார்க்குறான். கோபப்பட்ட மாதிரி தெரியல. ஜன்னல்கிட்டப் போறான். திரையை இழுத்து விடுறான்.

— எதுக்கு?

— உங்க முகத்துல வெயில் அடிக்குதுல்ல.

— எனக்குத் தெரியாது.

— உட்கார்ந்துட்டான். கையைப் பிசையறான். இதோ, உதடு அசையுது. ஆரம்பிச்சுட்டான். இப்ப நீங்க தூக்கம்தானா?

— தூக்கம்தான். தோள் தளர்ந்து கிடக்கு பாரு. இன்னும் போகட்டும்... இங்க. நிறுத்து. இங்க முழிச்சேன்.

— எப்படித் தெரியும்?

— என் சுண்டு விரல் அசையுது பாரு. அவன் தம்பி பேரைச் சொன்னான். அந்தப் பேரு காதுல விழுந்துதான் முழிச்சேன்.

— சரி. ஓட விடறேன். பேசுறான்... பேசுறான்... நிறுத்திட்டான்.

— இதுதான் நான் சொன்ன இடம். சத்தமே இல்லாத இடம். அழுறான் போலன்னு நினைச்சேன். பார்க்க முடியல எனக்கு, போதும், மூடிடு.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். அவன் அழல.

— அழலையா?

— நீங்க அழுறீங்க. உங்க முகத்தைப் பாருங்க. கண்ணு மூடியிருக்கு, கன்னத்துல தண்ணி வழிஞ்சு தாடையில சொட்டுது. தூங்குறவங்க அப்படி அழுவாங்களா?

— அப்ப அவன்...

— உங்களையேதான் பார்க்குறான். முன்னாடி சாய்ஞ்சு, உங்க முகத்தையே.

— தெரிஞ்சுடுச்சா? அவனுக்குத் தெரிஞ்சுடுச்சா, தியோ? எந்திரிக்கிறானே! வெளிய போறானா?

— இல்ல, மார்லிஸ். டிஷ்யூ டப்பாவை எடுத்துச் சத்தம் போடாம உங்க கைக்கு எட்டுற மாதிரி வச்சிட்டு, மறுபடி உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறான்.