கப்பல் ஏறாத செம்மறிகள் யாருடையவை

பெயர் வங்கா, தகப்பனார் பெயர் தேவ்சி, ரபாரி சாதி, வயது சுமார் ஐம்பது, கார்வாண்ட் கிராமம், கட்ச் மாவட்டம்.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து ஆடு ஓட்டும் வேலை செய்து வருகிறேன். இஸ்மாயில் சேட் துபாய்க்கு விற்ற செம்மறிகளை ஓட்டிக்கொண்டு துறைமுகம் வந்து சேர்ந்தேன். இது எஃப்.ஓ.பி. வியாபாரம் என்று சேட் சொல்லியிருந்தார். ஆடு கப்பல் தளத்தில் கால் வைக்கும் வரை செலவும் சேதமும் விற்றவருக்கு, வைத்த பிறகு வாங்கியவருக்கு, கப்பல் பிடித்து அனுப்புவதும் வாங்கியவர் பாடு. அதுவரை எனக்குப் புரிந்தது. பலகை தாண்டிக் கப்பல் ஏறும் ஆட்டின் முதுகில் காவி பூசுவது எங்கள் வழக்கம்.

சொன்ன நாளில் கப்பல் வரவில்லை. அதன் பிறகு, ஆடுகளை அடைத்திருந்த துறைமுகப் பட்டிக்குள் வேறு மந்தை வந்து கலக்கப் பார்த்ததால், அடையாளம் தெரியட்டும் என்று பாதி ஆடுகளுக்கு முன்கூட்டியே காவி பூசிவிட்டேன். அதில்தான் எல்லாம் குழம்பியது. அதன் பிறகு தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோனதால் சேட்டுக்குப் போன் செய்தேன்.

"காவி பூசினியா இல்லையா? அப்ப அது அவனோட ஆடு. மிச்சமும் அவன் கப்பல் வராததாலதானே நிக்குது? என் உயிரை ஏன் வாங்குற?" என்றார்.

அதன் பிறகு, வாங்கியவரின் ஏஜெண்டு ஹாரூன் பாயைத் தேடி டீக்கடைக்குப் போனேன். அவர் டீயைச் சாசரில் ஊற்றிக்கொண்டே, "காவி பூசிட்டா கழுதையும் கப்பலேறிடுமா வங்கா பாய்? தளத்துல கால் வைக்கலையே. சேட்டே தண்ணி ஊத்தட்டும்" என்றார்.

"கால் வைக்கக் கப்பல் எங்க பாய்?" என்று கேட்டேன்.

"அதுவும் நியாயம்தான்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

எனக்குத் தலை சுற்றியது. காவி பூசிய ஆட்டின் தாகம் யாருடையது, பூசாத ஆட்டின் தாகம் யாருடையது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பட்டியில் ஒரு ஆடு தண்ணீர் லாரியின் சக்கரத்து ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தது. மூன்று ஆடுகள் எழுந்திருக்கவே இல்லை. அதன் பிறகு, கப்பல்களுக்குத் தண்ணீர் ஏற்ற நிறுத்தியிருந்த அந்த லாரியின் குழாய்ப் பூட்டைக் கல்லால் உடைத்து, ஆடுகள் குடிக்கத் திறந்துவிட்டேன். என்னை யாரும் தூண்டவில்லை. காவலாளி பிடித்து ஸ்டேஷனில் ஒப்படைத்தார்.

ஆடுகளின் சொந்தக்காரர் யார் என்று எழுதவேண்டி, இன்ஸ்பெக்டர் ஐயா இருவரையும் வரவழைத்தார். சேட் பாயைக் காட்டினார், பாய் சேட்டைக் காட்டினார். அந்த நேரத்தில் கப்பல் துறைக்குள் வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. உடனே இருவரும் எழுந்து, "என் ஆடு, என் ஆடு" என்றார்கள். செத்த மூன்றும் யாருடையவை என்று ஐயா கேட்டதற்கு, "ஓட்டிட்டு வந்தவனைக் கேளுங்க" என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

இது என்ன கணக்கு என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. அந்த மூன்றும் என்னுடையவை என்றே எழுதிக்கொள்ளலாம். என்னை விட்டால், நாய்கள் இழுப்பதற்குள் போய்ப் புதைத்துவிடுவேன்.

நான் கண்டதும் செய்ததும் இவ்வளவுதான், கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை. வாசிக்கக் கேட்டு, சரியென்று விரல் வைத்தேன்.

(வங்கா தேவ்சி, இடது பெருவிரல் ரேகை)