பதிவேட்டில் இல்லாத நாற்பது நிமிடம்

இந்தப் பிரிவு உபசார விழாவின் தலைமை நாற்காலியை அலங்கரிக்கும் துறைத்தலைவர் ஐயா அவர்களே! பாடம் நடத்தி நடத்தியே தொண்டை கட்டிப்போன பேராசிரியப் பெருமக்களே! பிள்ளை என்ன படிக்கிறது என்று இன்றுவரை புரியாமலேயே அனுப்பிவைத்த பெற்றோர்களே! முன்வரிசையில் கைப்பையை மடியோடு இறுக்கிப் பிடித்திருக்கும் என் தோழியின் தாயே! என்னோடு குப்பை கொட்டிய வகுப்புத் தோழர்களே! அனைவருக்கும் குழம்பிப்போன ஒருத்தியின் வணக்கம்.

குழப்பமா என்கிறீர்களா? இணையப் பாதுகாப்பும் மின்னணுத் தடயவியலும் நான்காண்டு படித்தவளுக்குக் குழப்பமா? இருக்கிறது ஐயா, மண்டை முழுக்க இருக்கிறது!

எதிர்வீட்டு அத்தை உடைந்த போனோடு வந்தார். "நீ இதத்தானம்மா படிக்கிற? டிஸ்ப்ளே மாத்திக் குடு." இல்லை அத்தை, இது தடயம் தேடுகிற படிப்பு என்றேன். "அப்போ என் மூக்குக்கண்ணாடியத் தேடிக் குடு" என்றார்! பின்வரிசையில் கைதட்டும் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். எதற்குத் தட்டினோம் என்று பிறகு நீங்களும் குழம்புவீர்கள்.

எங்கள் படிப்பின் முதல் பாடம் என்ன? கைக்கு வந்த கணினியைத் திறக்காதே! வந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுது, நகல் எடு, நகலை மட்டுமே ஆராய். மூலத்தில் கைவைத்தால், பழைய சுவட்டின் மேல் உன் சுவடு விழுந்துவிடும். இதை இளையவர்களிடம் கத்திக் கத்திச் சொன்னவள் யார்? ஆய்வகப் பொறுப்பு மாணவியான இந்த நான்தான்.

போன வாரம், நான்கு மணித் தேர்வின் வினாத்தாள் என் தோழியின் மடிக்கணினிக்கு முன்கூட்டியே வந்துவிட்டதாகப் புகார். கணினியை ஆய்வகத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். மூன்று மணிக்கு அவளே கொண்டுவந்தாள். "யாரோ மெயில்ல அனுப்பியிருக்காங்கடி. சத்தியமா நான் அதத் திறக்கவே இல்ல. நீயாவது நம்புடி" என்று அழுதுவிட்டுத் தேர்வுக்கு ஓடினாள்.

நம்பினேனா? நம்பியிருந்தால் பொறுமையாக நகல் எடுத்திருக்க மாட்டேனா? அவசரம், பதற்றம், பாழாய்ப்போன ஆசை! மூன்று பத்துக்கு நேராகவே அந்த வினாத்தாள் கோப்பைத் திறந்துவிட்டேன். திறந்த கணமே, கணினி குறித்துவைத்திருந்த 'கடைசியாகத் திறந்த நேரம்' மூன்று பத்து என்று மாறிப்போனது. அரை மணி நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் பதிவேட்டை எடுத்து, 'பெற்ற நேரம் மூன்று நாற்பது' என்று எழுதினேன். சுவரில் கடிகாரம் காட்டியதை எழுதினேனா, தப்பித்துக்கொள்ள எழுதினேனா? எனக்கே இன்னும் விளங்கவில்லை!

விசாரணைக் குழு என்ன சொன்னது? கோப்பு திறந்தது மூன்று பத்து, ஆய்வகத்துக்கு வந்தது மூன்று நாற்பது, ஆகவே திறந்தவள் அவளே. நாளை அவளைப் படிப்பைவிட்டே நீக்கப் போகிறார்கள்.

ஐயா, மூன்று பத்துக்குத் திறந்தது நான்! அவள் மூன்று மணிக்கே ஒப்படைத்துவிட்டாள்.

அதற்கு முன் அவள் திறந்தாளா? அம்மா, உங்கள் மகள் திறக்கவே இல்லை என்று இந்த மேடையே அதிரச் சொல்ல எனக்கு ஆசை. சொல்ல முடியவில்லையே! அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியான அந்தப் பழைய நேரத்தை நானே அழித்துவிட்டேன். இனி அவளை நம்பத்தான் முடியும். அன்றைக்கே அதைச் செய்திருக்கலாம்.

தலைவர் ஐயா, இதோ ஆய்வகச் சாவி. பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ஒப்படைத்த நேரம் பதினொன்று இருபது. இம்முறை சரியான நேரம்.

பொறுமையாகக் கேட்ட அத்தனை பேருக்கும் நன்றி கூறி, கைகூப்பி இறங்குகிறேன். வணக்கம்.