ஏப்ரலில் தார் பூசவேண்டிய படகு

எந்தக் கதவையும் திறந்துபோட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. பதினெட்டு வீடுகள் கொண்ட இந்தக் கட்டடத்தில் மாடிப்படிக் கதவு, சலவையறைக் கதவு, சௌனா என்னும் நீராவிக் குளியலறையின் கதவு எதுவானாலும் கடந்து போகும்போது ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். குடியிருப்போர் சங்கத் தலைவி என்பதனால் அன்று. அது என் இயல்பு. ஆகவே முற்றத்து மரச்சில்லுத் தொட்டியின் மூடி எப்படித் திறந்து கிடந்தது என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஹெல்சின்கியிலிருந்து ஐந்து மணி நேரம் ரயிலில் வந்திருக்கிறீர்கள். ஏலக்காய் ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரச் சில்லை விற்றவர் ஆர்வோ என்று உங்கள் அறிக்கை கூறுகிறது. அதில் வாக்கியப் பிழைகள் இரண்டு, உண்மைப் பிழை ஒன்று. பெரியதை முதலில் திருத்துவோம்.

நிலவறை இயந்திரத்தைப் பொருத்தியவர்கள் நீங்கள். அதன் குணம் உங்களுக்குத் தெரியும். மரச்சில்லைக் குறைந்த காற்றில் சுட்டு, எழுகிற வாயுவால் எஞ்சினை ஓட்டி, விளக்குகளுக்கு மின்சாரமும் அறைகளுக்கு வெந்நீர்ச் சூடும் தருகிறது. ஆனால் சில்லில் ஈரம் நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டினால் வயிற்றில் தார் கட்டிக்கொண்டு படுத்துவிடும். நாள்தோறும் ஈரத்தை அளந்து ஏட்டில் எழுதுபவள், ஐலா டீட்டினனாகிய நான்.

மூன்றாம் மாடியில் இல்மோ சோர்முனன் இருக்கிறார். மனைவியை இழந்தவர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மிதிவண்டி அறையில் பதினோரு ஆண்டுகளாகப் படகு கட்டிக்கொண்டிருந்தார். மிதிவண்டி அறையில் மிதிவண்டிகள் இருக்கவேண்டும் என்று ஆண்டுதோறும் அவருக்கு எழுத்தில் தெரிவித்தேன்.

"இதுவும் ஒரு வண்டிதான், தலைவியம்மா. என்ன, தண்ணியில ஓடும்."

"சக்கரத்தைக் காணோமே."

"வாங்கித் தாங்களேன், மாட்டிடறேன்."

சனிக்கிழமை சௌனாவில் ஐந்து மணி என் முறை, ஆறு மணி அவருடையது. பதினான்கு ஆண்டுகளாக இப்படி. ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் வாளியை நிரப்பி, சூடான கற்களில் ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே வருவேன். தோளில் துண்டுடன் நடைவழிப் பலகையில் உட்கார்ந்திருப்பார். சூடு எப்படி என்பார். விதிப்படி என்பேன். எங்கள் பேச்சு அவ்வளவே.

ஜனவரியில் அதே பலகையில் அவர் சொன்னார்: "ஏரி உருகினதும் கிளம்பிடுவேன். அண்ணனோட தீவுக்கே போயிடறேன். வீட்டை விக்கவும் சொல்லியாச்சு."

"படகு முடிஞ்சுதா?"

"தார் பூசறதுதான் பாக்கி. ஏப்ரல்ல பூசிடுவேன்."

மகிழ்ச்சி என்றேன். என் கவலையெல்லாம் ஆறு மணி முறையைப் பற்றியதே. புதிதாக வருகிறவர்களுக்கு நேர ஒழுங்கு இருப்பதில்லை.

பிப்ரவரியில் பள்ளிகளின் பனிச்சறுக்கு விடுமுறை வந்தது. ஆண்டுதோறும் அந்த வாரம் ஆர்வோ குடும்பத்தோடு வடக்கே போய்விடுவார். அவரது லாரியும் ஓய்வெடுக்கும். இரண்டு நாள் பனி கொட்டியது. மூன்றாம் நாள் பூச்சியத்துக்குக் கீழே இருபத்தெட்டு. தொட்டிச் சில்லை அளந்தேன்: முப்பத்தொன்று. இயந்திரத்துக்குத் தீங்கு நேருமுன் நானே அதை நிறுத்தினேன். வடக்கே இருந்த ஆர்வோவைத் தொலைபேசியில் அழைத்து உலர்ந்த சில்லோடு வரச் சொன்னேன். மாலைக்குள் குழாய்கள் ஆறிவிட்டன. இரண்டாம் மாடியில் கைக்குழந்தைகள் இருவர்.

எல்லோரையும் மாடிப்படி அருகே கூட்டி, ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்: "ஆர்வோ நாளை மதியம் வருவார், அதுவரைக்குமான உலர்ந்த மரம் இந்தக் கட்டடத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது."

கூட்டு வேலைக்கு இங்கே யாரும் யாரையும் ஏவுவதில்லை, யாரும் மறுப்பதுமில்லை. தேவையைச் சொன்னதும் ஆளாளுக்குத் தத்தம் காலணியைப் பார்ப்பார்கள். பிறகு யாரேனும் ஒருவர் கையுறையை மாட்டுவார். அன்று முதலில் மாட்டியவர் இல்மோ. வேறு யாரும் மாட்டியிருக்க முடியாது என்பதை நான் அறிவேன்.

"பதினோரு வருஷம் காய்ஞ்ச பைன். அளந்து பாருங்க, தலைவியம்மா."

"ஒன்பது."

"தார் பூசியிருந்தேன்னா?"

"இயந்திரம் ஏற்காது."

"அப்ப நல்லவேளைதான்," என்றார்.

முற்றத்தில் கிளைகளை நொறுக்கும் இயந்திரம் இருக்கிறது. பலகை பலகையாக அவரே அதற்கு ஊட்டினார். "என் படகு எவ்வளவு வேகமா ஓடுது பாருங்க," என்று ஒருமுறை சொன்னார். சிலர் சிரித்தனர், சிலர் மூக்கைச் சிந்தினர். படகில் இருக்கைகள் இரண்டு இருந்தன. ஒருவருக்கு எதற்கு இரண்டு என்று அன்று கேட்கத் தோன்றவில்லை; இன்றும் தோன்றவில்லை. படகும், தீவில் கொட்டகை போட அவர் சேர்த்திருந்த பலகைகளும் மறுநாள் மதியம்வரை எங்களைக் காத்தன. எல்லோருக்கும் சாசேஜ் சூப் வைத்துக் கொடுத்தேன். இல்மோ இரண்டு கிண்ணம் குடித்தார்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஆர்வோ தந்த சில்லின் ஈரம் பதின்மூன்று, ஏட்டில் இருக்கிறது. திங்கட்கிழமை மாலை நாலரை மணிக்கு மூடியைத் திறந்தவள் நான். தானாக விழும் பனி போதாது என்று கணக்கிட்டிருந்தேன். எனவே மண்வெட்டியும் கொண்டுபோனேன். இரண்டு மாலைகள், எண்பது தடவை பனியை அள்ளிக் கொட்டினேன். பிப்ரவரியைத் தேர்ந்ததன் காரணம் இல்மோவின் கேள்வியிலேயே இருக்கிறது: ஏப்ரலில் தார் பூசிவிட்டால் அந்த மரம் பயன்படாது.

அவர் வீட்டை விற்கவில்லை. மார்ச்சில் புதிய படகுக்கு அடிக்கட்டை போட்டார். மிதிவண்டி அறையில் அதற்கு இடம் ஒதுக்கும் தீர்மானத்தை நானே முன்மொழிந்தேன். நல்ல பைன் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லிவைத்தேன். கை தேறிவிட்டது, இந்த முறை ஆறே ஆண்டு என்கிறார். சனிக்கிழமை ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் முன்பு பலகையில் இருக்கிறார்.

கட்டடத்தின் நலனைத் தவிர வேறொன்றும் என் மனத்தில் இருந்ததில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூடியின் கீல் அன்று திறக்கையில் சற்றே கிரீச்சிட்டது. துருப்பிடிக்க விடுவது முறையன்று; எண்ணெய் இட்டு வைத்திருக்கிறேன்.