பூசை போட்ட மேக்ரோ லைப்ரரி

பெயர் லட்சுமிகாந்தம், வயது 68, கணவர் பெயர் காலஞ்சென்ற வேலுச்சாமி, பருப்புக் கிடங்குத் தெரு, விருதுநகர். 2006ஆம் வருடம் செப்டம்பர் மாதம் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். கான்வென்ட்டில் படித்து, சென்னையில் ஒரு நிறுவனத்தின் பெரிய கம்ப்யூட்டரில் அசெம்பிளர் மொழியில் புரோகிராம் எழுதி ஓய்வு பெற்றேன். சிவகாசியில் காளிராஜ் என்பவர் மேனேஜராக உள்ள காலண்டர் கம்பெனியில், தினசரித் தாள்களில் விசேஷ நாட்களைப் போடும் புரோகிராம் சென்னை நிறுவனத்தில் இருந்தபோது நாங்கள் எழுதியதாகும். அந்தப் பெரிய மெஷின் இப்போது இல்லாததால், அதைப் போலவே வேலை செய்யும் எமுலேட்டர் என்ற மென்பொருளைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டுகிறார்கள். அதை இயக்குபவர் எங்கள் தெரு மிளகாய் வற்றல் வியாபாரி மீரான் மைதீனின் மகள் அப்ரின்.

2007ஆம் வருடக் காலண்டரில் அமாவாசை, கார்த்திகை எல்லாம் முந்தைய வருடத் தேதிகளிலேயே அச்சாகிவிட்டதாகவும், அப்ரின் வேண்டுமென்றே இந்து விசேஷங்களை மாற்றிவிட்டதாகவும் காளிராஜ் புகார் கொடுத்ததன் பேரில், அப்ரினைக் காவல் நிலையத்திற்கு அழைத்து விசாரித்ததை மீரான் மைதீன் வந்து சொன்னார். அன்று அவர் கடை திறக்கவில்லை. அதன்பின் நான் இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவரும் காளிராஜும் அப்ரினும் உடனிருக்க, கம்பெனியில் அந்தக் கம்ப்யூட்டரைப் பரிசோதித்தேன்.

மேக்ரோ என்பது ஒரு பெயரில் எழுதிவைத்த கட்டளைத் தொகுதி. புரோகிராமில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டால், அதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித்தரும் அசெம்பிளரானது, மேக்ரோக்களைச் சேர்த்துவைத்த லைப்ரரிகளின் பட்டியலில் மேலிருந்து கீழாகத் தேடி, முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். அதே பெயரில் கீழே இன்னொன்று இருந்தாலும் பார்க்காது. புதிய வருடத்துக்காக அப்ரின் எழுதிய மேக்ரோக்களில் பிழை இல்லை. ஆனால் பட்டியலில் அவற்றுக்கு மேலே 'பூசை' என்று ஒரு லைப்ரரி இருந்தது. அதில் இருந்தவை அதே பெயர்கள் கொண்ட சென்ற வருட மேக்ரோக்கள்.

கேட்டதற்கு காளிராஜ், ஆடிப் பதினெட்டில் புது வருட வேலை தொடங்கும்போது, சென்ற வருடம் நன்றாக விற்ற காலண்டரை மஞ்சள் தடவி எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கும்பிடுவது கம்பெனி வழக்கம் என்றும், அதன்படி இம்முறை முதல்தடவையாகச் சென்ற வருட லைப்ரரியையும் நகலெடுத்துத் தானே மேலே வைத்ததாகவும் சொன்னார். அதை ஏன் எடுக்கவில்லை என்று அப்ரினைக் கேட்டேன்.

"அது சாமிக்கு வச்சது பெரியம்மா. நான் தொட்டா தப்பா எடுத்துக்குவாகன்னு விட்டுட்டேன்" என்றார்.

காளிராஜ் தரையைப் பார்த்தார். அதன்பின் நான் அந்த லைப்ரரியைக் கீழே இறக்கச் சொன்னபோது, அவர் "பூசை போட்டதப் போயி கீள வைக்கச் சொல்றீகளா?" என்று கேட்டார்.

"சாமி படத்தை எம்புட்டு ஒசரத்துல வேணாலும் மாட்டிக்கோங்க. இது கீழே கெடக்கட்டும்" என்றேன். இன்ஸ்பெக்டருடன் வந்த ஏட்டு சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

இறக்கி ஓட்டியபோது தேதிகள் சரியாக வந்தன. மறுபடி மேலே ஏற்றியபோது தவறாக வந்தன. இரண்டையும் அச்சிட்டுக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டரே பஞ்சாங்கத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தார்.

அதன்பின் காளிராஜ் என்னைத் தனியே அழைத்து, "அம்மா, மெஷின் கோளாறுன்னு சொல்லிருங்க. எல்லாருக்கும் நல்லது" என்றார்.

"மெஷின்னு சொன்னா நாளைக்கும் இந்தப் பிள்ளையத்தான் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவீக" என்றேன்.

ஆகவே சொல்கிறேன். மெஷினில் கோளாறு இல்லை. எமுலேட்டர், பெரிய மெஷின் என்ன செய்யுமோ அதையே செய்தது. அப்ரின் மீது தவறு இல்லை. வரிசையை மாற்றியவர் காளிராஜ். அவர் கெட்ட எண்ணத்தில் மாற்றவில்லை. ஆனால் புகாரை விசாரிக்காமல் கொடுத்தார்.

எழுத்தர் 'இயந்திரக் கோளாறாக இருக்கலாம்' என்று எழுதியிருந்த வரியை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் சுருக்கொப்பம் இட்டு, முழுவதையும் நானே படித்துப் பார்த்தேன். நான் கண்டதும் சொன்னதும் இதுவே, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
வே. லட்சுமிகாந்தம்