கடைசி பெஞ்சில் தூங்கிய தலைமையாசிரியை

மாசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் மாலை நாலேகால் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஒரு தனியார் பள்ளியின் தலைமையாசிரியையும், அங்கே கணக்கு நடத்தும் ஆசிரியரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் சொன்னதைக் கேட்டுக் கையிலிருந்த புத்தகத்தை மூடினேன்.

“நீங்க என் கிளாஸ்ல தூங்குனதை யார்ட்டயும் சொல்லல மேடம்.”

“சொல்லியிருக்கலாம் சார். மூணு நாளு கடைசி பெஞ்சுல உக்காந்து பாத்தேன், மூணாவது நாளு தூங்கியே போயிட்டேன். அரைப்பரீட்சையில பாதிப் பேரு கணக்குல பெயிலு. நிர்வாகத்துல உங்களை நீக்கச் சொல்லிட்டாங்க.”

“லெட்டர் வந்துருச்சா?”

“ஒரு வாரமா என் பையிலதான் கெடக்கு. குடுக்க மாட்டேன். நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துருங்க, நல்ல சர்ட்டிபிகேட் தர்றேன். கன்னிவாடியில ஹாஸ்டல் வார்டன் கேக்குறாங்க. பிள்ளைங்க இவர்ட்ட நல்லா ஒட்டிக்கும்னு சொல்லி வச்சிருக்கேன்.”

ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“என்ன தேதி போட மேடம்?”

“முழுப்பரீட்சை முடியுற நாளு. அதுவரைக்கும் நீங்க எங்க வாத்தியார்.”

“சரிங்க. அன்னைக்கு நீங்க தூங்குறீகளேன்னுதான் மெதுவா நடத்துனேன்.”

“முழிச்சப்ப பாத்தேன் சார். பிள்ளைங்க அம்புட்டுப் பேரும் கப்சிப்னு இருந்தாங்க. உங்க கிளாஸு அமைதியா இருந்தது அந்த ஒரு நாளுதான்.”

இருவரும் சிரித்தார்கள். பெருமாள்மலை வருவதற்குள் அந்த அம்மா சன்னலில் சாய்ந்து உறங்கிவிட்டார். ஆசிரியர் சத்தமில்லாமல் எழுந்து, அங்கே இறங்கும் முன் நடத்துநரின் காதருகே குனிந்தார்.

“மேடம் ஊத்து ஸ்டாப்புல எறங்கணும். அதுவரைக்கும் விசில் மெதுவா ஊதுங்கண்ணே.”