நாளைக்குக் காலையில் ஒரே கேள்வி

நான் நீட்டி முழக்குவேன் என்று பயந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு தலைமை தாங்கும் தீயணைப்பு நிலையத் தலைவர் நாரிஸ் கெஸல் அவர்களே! நம் குறை கேட்க வாஷிங்டனிலிருந்து மலையேறி வந்திருக்கும் அதிகாரிகளே! முன்வரிசை முதியோர்களே! பின்கட்டில் பக்வீட் மாவில் அடை சுட்டுக்கொண்டே காதை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பியிருக்கும் தாய்மார்களே! சனிக்கிழமைதோறும் கருமருந்து கெட்டித்துப் பூசணிக்காயைச் சுட்டு விளையாடும் என் சிநேகிதர்களே! உங்கள் அனைவருக்கும் டெல்மர் ராட்ச்ஃபோர்டின் வணக்கம்.

ஊருக்கு என்னைத் தெரியும். அதிகாரிகளுக்காகச் சொல்கிறேன். முப்பத்தோரு வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கில் துப்பாக்கி பழுது பார்க்கிறேன். ஒரு கடைசல் எந்திரம், ஒரு மேசை, ஒரு ஆள். அந்த ஆளும் முக்கால் ஆள்தான். இடது முழங்கால் கணக்கில் வராது.

நாளைக் காலை பத்து மணிக்கு என் உரிமத்தின் மீது விசாரணை. கேட்கப்போவது ஒரே கேள்வி. விதி தெரிந்து மீறினாயா, தெரியாமல் மீறினாயா? தெரியாமல் என்றால் எச்சரிக்கைக் கடிதம். தெரிந்து என்றால் உரிமம் இல்லை, கடை இல்லை.

நடந்தது இதுதான். மான் வேட்டை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை, ஓர்ஃபா ஹெவனர் வந்தாள். கையில் துப்பாக்கி, கால் பூட்ஸில் சாணி. அவள் மாடுகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம்... சரி நாரிஸ், கடிகாரத்தைத் தட்டாதே.

"டெல்மர், தோட்டாவை அடிக்கிற ஊசி உடைஞ்சு போச்சுய்யா. நின்னு வாங்கிட்டுப் போறேன்."

நின்று வாங்கினால் பதிவேட்டில் எழுத வேண்டாம். இரவு தங்கினால் எழுத வேண்டும். அதுதான் விதி. பாதி வேலையில் அவள் போன் அடித்தது. ஈனும் பசுவுக்குக் கன்று குறுக்கே நிற்கிறதாம்.

"நான் ஓடறேன். தம்பி வருவான், அவன்கிட்டக் குடுத்துடு!"

எழுதினால் தம்பியிடம் சும்மா கொடுக்க முடியாது. கொண்டுவந்தவள்தான் வாங்க வேண்டும். வேறு ஆள் வந்தால் ஆறு பக்கப் படிவம், போனில் பின்னணி விசாரணை. கன்றுக்குட்டிக்கு இது தெரியுமா? நான் எழுதவில்லை. தம்பி அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வியாழக்கிழமை காலை வந்தது தம்பி அல்ல; பதிவேடு சரிபார்க்கும் அரசாங்க ஆய்வாளர் கோரின் வேலன்ஸ்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். பதிவேட்டையும் குறை சொல்ல மாட்டேன்; போன வருஷம் திருட்டுப்போன துப்பாக்கி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தது அந்தப் பதிவேட்டின் ஒரு வரிதான். அவள் எண்ணிப் பார்த்தாள். பதிவேட்டில் பதினாறு. அலமாரியில் பதினேழு.

"மிஸ்டர் ராட்ச்ஃபோர்ட், இந்த விதி உங்களுக்குத் தெரியுமில்லையா?"

"முழங்கால் வலிக்குதும்மா, கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்" என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் நான் சொன்ன மகா கெட்டிக்காரத்தனமான பதில் அதுதான்.

என்ன எமொரி, எழுந்து நின்றே சொல்லு.

"மறந்துட்டேன்னு சொல்லித் தொலையேன்யா! உன் வயசுக்கு யாரு நம்ப மாட்டாங்க? நீ போயிட்டா என் துப்பாக்கிய ரெண்டு மலை தாண்டித் தூக்கிட்டுப் போகணும்!"

கேட்டீர்களா, அதிகாரிகளே? ஊரே என்னிடம் இதைத்தான் சொல்கிறது. அன்பால் சொல்கிறது. பெரிய துப்பாக்கி ஆலைக்குப் பத்து வக்கீல், பத்துக் கணினி. எனக்கு ஒரு மூக்குக் கண்ணாடி. அரம் பிடிக்கும் கையே எழுத வேண்டும், எழுதும் கையே எண்ண வேண்டும், எண்ணும் கையே கதவு திறக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு புது விதி வருகிறது. பழைய விதி ஒன்றாவது போகிறதா? பொழுதுபோக்குக்குச் சுடுகிறவன் ஒரு திருகாணி வாங்கவே பயப்படுகிறான். கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை ஐயா. களைத்துப் போனேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மறந்தேன் என்று பொய் சொன்னால் கடை திறந்திருக்கும். தெரியும் என்று உண்மை சொன்னால் கடைக்குப் பூட்டு. இப்படி ஒரு தராசை யார் செய்தது? அரசாங்கத்துக்கு எந்த டெல்மர் வேண்டும்? பொய் சொல்லி எழுதுகிறவனா, உண்மை சொல்லிப் போகிறவனா? பொய் சொல்லத் தெரிந்தவன் கையிலா பதிவேட்டைக் கொடுத்து வைக்கப் போகிறீர்கள்?

நாளைக்குப் பதிலை இன்றைக்கே சொல்லிவிடுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். தெரியும். விதி எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பெண் தன் பசுவிடம் ஓடினாள், தெரிந்தேதான் எழுதவில்லை.

உட்கார், எமொரி. அழாதே, உன் மனைவி சிரிக்கிறாள்.

அலமாரியில் உங்கள் துப்பாக்கிகள் பதினேழு இருக்கின்றன. விசாரணைக்கு முன்னால், காலை ஏழு மணிக்கே கடை திறப்பேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவரவர் துப்பாக்கிக்கு அவரவரே வாருங்கள், தம்பியை அனுப்பாதீர்கள். ஓர்ஃபா, உனக்கும்தான் சொல்கிறேன். பதினேழும் இப்போது பதிவேட்டில் இருக்கின்றன.

பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், குறித்துக்கொண்ட அதிகாரிகளுக்கும், அடை கருகும்வரை கேட்டுக்கொண்டிருந்த தாய்மார்களுக்கும் நன்றி. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.